தோள் வாரில் இரண்டு கோடுகள்

நீங்கள் கொடுத்த பேனா நன்றாக எழுதுகிறது. இரவல் பேனாக்கள் வழக்கமாக இரண்டு வரியிலேயே மக்கர் செய்யும். இது வழுக்கிக்கொண்டு போகிறது. என் கைக்கு ஊசியும் குத்தூசியும்தான் பழக்கம், அதனால் எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்ததை முதலிலிருந்து எழுதச் சொன்னீர்கள். நடுவில் கேள்வி கேட்காமல் இருந்தால் சீக்கிரம் முடித்துவிடுவேன்.

ஒன்றை மட்டும் முதலில் குறித்துக்கொள்ளுங்கள். டீச்சரிடம் நான் ஒரு பைசா வாங்கவில்லை. அவர் நீட்டினார், நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். என் மனைவியே சாட்சி. ஆகவே உங்கள் ஆட்கள் 'மோசடி' என்று எழுதியிருப்பது சரியான சொல் அல்ல. மற்றதற்கு என்ன சொல் பொருந்தும் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். நான் குறுக்கே நிற்கமாட்டேன்.

பழைய போரில் விமானிகள் போட்டிருந்த தோல் ஜாக்கெட்டுகளை அச்சு அசலாகத் திரும்பச் செய்து விற்பது என் தொழில். வாங்குகிறவர்களில் பாதிப் பேர் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்கள். மீதிப் பேர் அலமாரியில் மாட்டி வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பவர்கள். முன்னறை கடை, பின்னறை பட்டறை, மாடி வீடு. உள்துணி தைப்பது என் மனைவி. தோல் வெட்டுவது, அடையாளங்கள் போடுவது, பழசாக்குவது எல்லாம் நான்.

தைப்பது பெரிய விஷயமில்லை. நல்ல குதிரைத் தோலும் பொறுமையும் இருந்தால் யாரும் தைத்துவிடலாம். வித்தை எல்லாம் அடையாளங்களில் இருக்கிறது. கழுத்துப்பட்டைக்குக் கீழே தயாரித்த கம்பெனியின் பெயர் நெய்த சீட்டு. உள்துணியில் பரிசோதகரின் மை முத்திரை. நெஞ்சில் பெயர் அடித்த தோல் துண்டு, அதற்குக் கீழே படைப்பிரிவின் சின்னம். தோளின் மேல் வரும் வாரில் பதவிக் கோடுகள். மற்ற கடைக்காரர்கள் ஜாக்கெட்டை முழுதாகத் தைத்து முடித்து, சீட்டின் மேல் டீத் தண்ணீரைத் தடவி, அடுப்பில் காயவைத்துப் 'பழசு' என்பார்கள். சீட்டு, முத்திரை, சின்னம் எல்லாம் ஒரே நாளில் பிறந்த கிழடுகள். பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

ஒரு நிஜ ஜாக்கெட் அப்படிக் கிழடாவதில்லை. முதலில் முத்திரை விழுகிறது. பிறகு ஒருவன் அதைப் போட்டுக்கொள்கிறான். சில மாதம் கழித்துச் சின்னம் தைக்கிறார்கள். அவன் படைப்பிரிவு மாறுகிறான், பழைய சின்னத்தைப் பிரித்துவிட்டுப் புதியதை வைக்கிறார்கள். பிரித்த இடத்தில் ஊசித் துளைகளும், வெயில் படாத தோலின் கருமையும் அப்படியே இருக்கும். நான் அதே வரிசையில்தான் செய்வேன். பிறகு பிரிப்பதற்காகவே ஒரு சின்னத்தை வரைந்து, தைத்து, தோலைப் பழசாக்கி, அதைப் பிரித்துத் தூக்கிப் போடுவேன். என் மனைவி இதைப் பார்த்துவிட்டு, "ஏங்க, கிழிச்சுப் போடறதுக்கா ராப்பகலா உக்காந்து வரையறீங்க?" என்று கேலி செய்வாள். இருந்த ஒன்றின் தடத்தைச் செய்ய வேண்டுமென்றால் அது முதலில் இருந்தாக வேண்டும். இது அவளுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

பழசாக்குவதற்கு எனக்கு ஓர் இடம் உண்டு. மலைப் பாதை முடிகிற இடத்தில் வண்டியை விட்டுவிட்டு மேலே ஏறினால் சரிவில் ஒரு கல் கொட்டகை வரும். ஆடு மேய்க்கிறவர்கள் கோடையில் தங்குவதற்குக் கட்டியது, கூரை பாதி போய்விட்டது. அதன் சுவரில் ஆணிகள் அடித்து ஜாக்கெட்டுகளை மாட்டிவிட்டு வருவேன். பகல் வெயிலும் ராப் பனியும் சேர்ந்து செய்கிற வேலையை எந்த அடுப்பும் செய்யாது. அந்த இடம் உங்களுக்கு இப்போது நன்றாகத் தெரியும்.

எங்கள் தொழிலில் ஒரு நாணயமும் உண்டு. நகல் என்றால் நகல் என்று தெரிய வேண்டும். நான் பாக்கெட் மூடிக்கு அடியில் ஒரு சிறு துளை குத்திவிடுவேன். விவரம் தெரிந்தவர்கள் மூடியைத் தூக்கிப் பார்ப்பார்கள். அந்தத் துளையைப் பார்த்ததும் அவர்கள் முகம் லேசாக வாடும். அதுவரை ஆஹா ஓஹோ என்றவர்கள், "நகலுக்கு நல்லாத்தான் இருக்கு" என்பார்கள். வருஷக்கணக்கில் அந்த 'நகலுக்கு' என்ற சொல்லைக் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு அது எரிச்சலாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

டீச்சர் ஒரு மழை நாளில் குடையை மடக்கிக்கொண்டே கடைக்குள் வந்தார். ஓய்வு பெற்றவர், வயது அறுபதைத் தொட்டிருக்கும், மூட்டு வலி. பையிலிருந்து ஒரு புகைப்படத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். தோல் ஜாக்கெட் போட்ட ஓர் இளைஞர் சிரித்துக்கொண்டிருந்தார். நெஞ்சில் விளக்கைக் கவ்விய ஆந்தைச் சின்னம். படத்தின் ஓரங்கள் நைந்து, தோள்கள் இரண்டும் உதிர்ந்துபோயிருந்தன.

"எங்கப்பா. எனக்கு அஞ்சு வயசுல விமானத்துல போனவர், திரும்பி வரலை. விமானமும் கிடைக்கலை, ஆளும் கிடைக்கலை" என்றார். "அன்னிக்கு முதநாள் இந்த ஜாக்கெட்டை எனக்குப் போட்டு விட்டார் தம்பி. கை ரெண்டும் தரையில இழுபட்டுச்சு. இதே மாதிரி ஒண்ணு செஞ்சு தருவீங்களா? சாகறதுக்குள்ள ஒரு தடவை கை சரியா இருக்கான்னு பாத்துக்கறேன்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது. செய்து தருகிறேன் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் வாயில் வேறு வந்தது. "படத்தை விட்டுட்டுப் போங்க டீச்சர். பழைய சரக்கு மூட்டை மூட்டையா வரும். சில சமயம் அசலே மாட்டும்" என்றேன்.

அது ஏன் அப்படி வந்தது என்று நீங்கள் மூன்று முறை கேட்டீர்கள். சேகரிப்பாளர்களை ஏமாற்றுவது சுலபம், அவர்கள் ஏமாறுவதற்குத் தயாராகவே வருகிறார்கள். ஒரு மகளை ஏமாற்ற முடியாது. அவள் மூக்கும் விரலும் ஒத்துக்கொள்ள வேண்டும். என் வேலைக்கு அப்படி ஒரு பரீட்சை வேண்டுமென்று எனக்குத் தோன்றியது. யாருக்கும் இதில் நஷ்டமில்லை என்றும் தோன்றியது.

அந்த ஜாக்கெட்டுக்குத் துளை குத்தவில்லை. வேறு எதற்கும் அவ்வளவு உழைத்ததில்லை. ஆந்தையை நான்கு முறை அழித்து வரைந்தேன். அதற்கு முன்னால் இருந்ததாக இன்னொரு சின்னத்தைத் தைத்து, பழசாக்கி, பிரித்தேன். கழுத்துப்பட்டையில் தலை எண்ணெய்க் கறை படிய நானே அதைப் போட்டுக்கொண்டு திரிந்தேன். கொட்டகையில் ஒரு கோடையும் ஒரு பனிக்காலமும் தொங்கவிட்டேன். தோள் வார்தான் பாக்கி. புகைப்படத்தில் தோள் இல்லை. லெப்டினன்ட் என்றால் ஒரு கோடு, கேப்டன் என்றால் இரண்டு. பூங்காவில் போர் நினைவுக் கல் இருக்கிறதே, அங்கே போய்த் தேடினேன். அவர் பெயருக்கு முன்னால் 'கேப்டன்' என்று வெட்டியிருந்தது. கல்லில் வெட்டியதை யார் சந்தேகப்படுவார்கள்? இரண்டு வெள்ளிக் கோடுகள் தைத்து, ஆறு மாதம் விட்டு, பிடுங்கினேன். கண்டெடுத்தவர்கள் பளபளப்பாக இருந்ததைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்பது கதை. வாரில் இரண்டு கருத்த தடங்களும் சுற்றிலும் துளைகளும் மிஞ்சின. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாலும் குறை சொல்ல முடியாது.

டீச்சர் வந்தார். ஜாக்கெட்டைத் தொட்டார். கழுத்துப்பட்டைக்குள் முகத்தைப் புதைத்து மூச்சை இழுத்தார். நெடுநேரம் நிமிரவில்லை. பிறகு, "எங்க கிடைச்சுது?" என்று மட்டும் கேட்டார், தரையைப் பார்த்துக்கொண்டு.

மலைமேல் ஒரு கல் கொட்டகையில், ஆணியில் தொங்கியது என்றேன். அதில் பொய் ஒன்றுமில்லை. அங்கிருந்துதான் கொண்டுவந்தேன்.

அவர் அழுத அழுகையை விவரிக்கத் தேவையில்லை. உள்ளே என் மனைவியின் மிஷின் நின்றுவிட்டது. அவள் கதவருகே வந்து நின்றாள், முந்தைய மாதங்களில் அதே தோளை நான் பிரித்துப் பிரித்துத் தைத்ததைப் பார்த்தவள். டீச்சர் போன பிறகு, "இது பாவங்க. அந்தம்மாகிட்டச் சொல்லிடுங்க" என்றாள். நான், "காசா வாங்கினேன்? சந்தோஷமாத்தானே போறாங்க" என்றேன். உண்மையில் அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று இருந்தது. வெளியே சொல்லிக்கொள்ள ஆள் இல்லையே என்பது ஒன்றுதான் குறை.

அன்றிலிருந்து டீச்சர் அதைக் கழற்றவில்லை. கடைத்தெருவுக்கு அதோடு போனார், மருத்துவமனைக்கு அதோடு போனார். கோடை வந்தும் கழற்றவில்லை. வாரத்துக்கு இரண்டு முறை கடைக்கு வந்து உட்கார்ந்து, கொட்டகையைப் பற்றிக் கேட்பார். சுவர் எந்தப் பக்கம், ஜன்னல் உண்டா, பக்கத்தில் தண்ணீர் உண்டா. நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். பார்த்த இடம், சொல்ல என்ன கஷ்டம். ஒருமுறை என் மனைவி டீ கொண்டுவந்து வைத்தபோது, "உங்க வீட்டுக்காரர் கைராசிக்காரர்மா. அம்பது வருஷம் கிடைக்காத ஆளைத் தேடிக் குடுத்துட்டார்" என்றார் அவளிடம். அவள் தட்டை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பிறகு ஒரு நாள் தங்கையோடு வந்தார். தங்கை, அப்பா காணாமல் போனபோது வயிற்றில் இருந்தவர். மருந்துக்கடை வைத்திருக்கிறார். அவருடைய வாக்குமூலத்தை நீங்கள் ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள். பேச்சு கறார், ஆனால் அன்று நடந்ததை அவர் சரியாகவே சொல்லியிருப்பார்.

டீச்சர் தோளைத் திருப்பிக் காட்டினார். "தம்பி, இதுல ரெண்டு கோடு இருந்த தடம் இருக்குல்ல?"

"ஆமா டீச்சர்."

"அப்பா கடைசியா விமானம் ஏறினப்ப லெப்டினன்ட்தான். ஒரே கோடு. கேப்டன் பதவி அவர் போய் ஒரு வருஷம் கழிச்சு வீட்டுக்குத் தபால்ல வந்துச்சு, மரியாதைக்கு. எனக்கே மறந்துபோச்சு, இவதான் ஞாபகப்படுத்தினா. அம்மா சாகற வரைக்கும் சொல்லிப் புலம்புவாங்க, 'ஆளைக் கேட்டா ரெண்டு கோடு குடுக்கறாங்க'ன்னு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உங்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஒரு வருஷ உழைப்பு, ஒரு கோடு அதிகம். கல்லில் வெட்டியவர்கள் போன பிறகு கொடுத்த பதவியைத்தான் வெட்டுவார்கள் என்பது என் புத்திக்கு எட்டவில்லை.

"நான்தான் சொல்றேனே அக்கா, இதுல ஏதோ கோளாறு இருக்கு" என்றார் தங்கை.

"கோளாறு இல்லடி" என்றார் டீச்சர். அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "அப்பா விழுந்து சாகலை. கேப்டன் ஆனது அவருக்குத் தெரிஞ்சிருக்கு. யாரோ சேதி சொல்லியிருக்காங்க, யாரோ கோடு தச்சுக் குடுத்திருக்காங்க. ஒரு வருஷத்துக்கு மேல அங்க உயிரோட இருந்திருக்கார். எங்கேயோ தப்பிச்சுப் போயிருக்கார். எத்தனையோ வருஷம் கூட இருந்திருக்கலாம்."

தங்கை அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க. இந்த வேலை தெரிஞ்சவர் நீங்க. அப்படி இருக்குமா?"

பின்னறையில் மிஷின் சத்தம் இல்லை.

"இருக்கலாம்" என்றேன். இந்த வழக்கில் நான் சொன்ன ஒரே பொய் அதுதான்.

அதற்குப் பிறகு விஷயம் என் கையை விட்டுப் போனது. டீச்சர் விமானப்படை ஆவண அலுவலகத்துக்கு எழுதிப் போட்டார். அப்பாவின் கோப்பைத் திரும்பத் திறக்க வேண்டும் என்று கேட்டார். அவர்களும் பதில் போட்டுவிட்டார்கள், ஜாக்கெட்டைக் கொண்டுவாருங்கள், எங்கள் நிபுணர் பார்க்கட்டும் என்று. அந்த நிபுணரை எனக்குத் தெரியும். நூலையும் மையையும் பார்த்து அவரால் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. அந்த நம்பிக்கை எனக்கு இருக்கிறது. ஆனால் கோட்டைப் பார்த்ததும் பதவி கொடுத்த தேதியைப் பார்ப்பார், சிரிப்பார். 'நகல். அதிலும் தப்பான நகல்' என்று நாலு பேர் முன்னால் சொல்வார். அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஜாக்கெட்டை மட்டும் கொஞ்ச நாள் என்னிடம் விட்டிருந்தால் போதும், சரி செய்திருப்பேன். கேட்டேன். "உள்துணி விட்டுப்போயிருக்கு டீச்சர், குடுத்துட்டுப் போங்க" என்றேன். "தூங்கும்போதுகூட கழட்டறதில்லை தம்பி. கிழிஞ்சா கிழிஞ்சதாவே இருக்கட்டும்" என்றார். இன்னொரு முறை கேட்டேன். அவர் பிடித்த பிடி விடவில்லை. இப்படி ஒரு பிடிவாதம் அவரிடம் இல்லாமல் இருந்திருந்தால் இந்தக் காகிதத்துக்கே வேலை இருந்திருக்காது.

அலுவலகத்துக்குப் போகுமுன் அந்தக் கொட்டகையைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று அவரே ஆரம்பித்தார். அழைத்துப் போகிறேன் என்றேன். பனிக்காலம் தொடங்குகிற நேரம், மேய்ப்பவர்கள் எல்லாரும் கீழே இறங்கிவிட்டார்கள். தங்கை கூட வருகிறேன் என்றார். மருந்துக்கடையை யார் பார்ப்பது என்று டீச்சர்தான் தடுத்தார். நான் தடுக்கவில்லை. நான் எதையும் ஏற்பாடு செய்யவில்லை என்பதை நீங்கள் இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

வண்டியில் அவர் சின்னப் பிள்ளை மாதிரி வந்தார். வழியெல்லாம் பேச்சு. மேலே ஏறும்போது மூட்டு ஒத்துழைக்கவில்லை. கையைப் பிடித்து, சில இடங்களில் தூக்கியே விட்டேன். பாதி வழியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு, "இறங்கறப்ப நீங்க இல்லைன்னா நான் உருண்டுதான் போகணும்" என்று சிரித்தார். கொட்டகைக்குப் போய்ச் சேரும்போது வெயில் மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டிருந்தது.

உள்ளே போனதும் சுவரைத் தடவிக்கொண்டே ஒரு சுற்று வந்தார். ஆணியைக் கண்டார். அதைத் தொட்டுக்கொண்டு நின்று, "அப்பா" என்றார். யாரையோ கூப்பிடுகிற மாதிரி இல்லை. பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிற மாதிரி இருந்தது. எனக்கும் கண் கலங்கியது. நான் கல் நெஞ்சக்காரன் அல்ல.

அப்போது சொன்னேன். "டீச்சர், அதைக் கழட்டி ஒரு தடவை அந்த ஆணியில மாட்டிப் பாருங்க. அவர் மாட்டின மாதிரி."

அவர் என்னைப் பார்த்தார். அவருக்கு அது ஏன் முன்னமே தோன்றவில்லை என்பது போலப் பார்த்தார். பிறகு ஜிப்பை இறக்கி, ஒவ்வொரு கையாக உருவி, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போய் மாட்டினார். உள்ளே ஒரு மெல்லிய கம்பளிச் சட்டைதான் போட்டிருந்தார். நான்கு அடி பின்னால் வந்து கல்மேல் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியாது. வெளிச்சம் போய்விட்டது. அவர் நடுங்கத் தொடங்கினார்.

நான் ஆணியிலிருந்து ஜாக்கெட்டை எடுத்துக் கையில் போட்டுக்கொண்டேன். "வண்டியில டார்ச் இருக்கு, எடுத்துட்டு வந்துடறேன். அது இல்லாம இறங்க முடியாது" என்றேன். "ஜாக்கெட்டைக் குடுத்துட்டுப் போங்க தம்பி, குளுருது" என்றார். "இதோ வந்துடறேன் டீச்சர்" என்றேன்.

இறங்கும்போது பின்னால் கூப்பிடுவது கேட்டது. முதலில் சாதாரணமாக, 'தம்பி' என்று. அப்புறம் கொஞ்சம் சத்தமாக. ஒரு வளைவு திரும்பியதும் காற்றுச் சத்தம் மட்டும்தான். வண்டியைக் கிளப்பினேன். ஜாக்கெட்டைப் பக்கத்து இருக்கையில் விரித்து வைத்திருந்தேன், மடித்தால் தோலில் கோடு விழும்.

நான் அவரைத் தொடவில்லை. தள்ளவில்லை, கட்டிப்போடவில்லை, கதவைச் சாத்தவில்லை. அங்கே கதவே கிடையாது. ஜாக்கெட்டை எடுத்தேன், அவ்வளவுதான். மற்றதைக் குளிர் செய்தது. உங்கள் மருத்துவர் அவர் மறுநாள் நண்பகல் வரை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்கிறார். கொட்டகையை விட்டுப் பாதை வரைக்கும் தவழ்ந்து வந்திருக்கிறார் என்கிறார். எனக்கு அது தெரியாது. அந்த நேரத்தில் நான் தோள் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி, "டீச்சர் எங்கே?" என்றாள். பஸ் ஏற்றிவிட்டேன், தூரத்துச் சொந்தக்காரர் வீட்டில் நாலு நாள் தங்கிவிட்டு வருவார் என்றேன். தங்கைக்கும் போனில் அதையே சொன்னேன். நம்பினார்கள் என்றுதான் நினைக்கிறேன். அன்றே ஆரம்பித்துவிட்டேன். ஊசித் துளையை அடைக்க முடியாது, வாரையே மாற்ற வேண்டும். நான் வெட்டுகிற ஒவ்வொரு தோலிலும் மிச்சத்தை எடுத்து வைப்பேன், அதே தோலின் மிச்சம் இருந்தது. புது வார் வெட்டி, ஒரே ஒரு கோடு தைத்து, தேய்த்து, நனைத்து, உலர்த்தி, மறுபடி தேய்த்தேன். ஆறு மாத வேலையை மூன்று நாளில் செய்தேன். பழைய தையல் துளைகளிலேயே புதுத் தையலையும் ஓட்டினேன். அவ்வளவு நிம்மதியாக நான் வேலை செய்து வெகு நாளாகியிருந்தது. தப்பு ஒன்று வீட்டை விட்டுப் போகிற நிம்மதி.

மூன்றாம் நாள் மனைவி பட்டறைக்குள் சாப்பிடக் கூப்பிட வந்தாள். விளக்குக்கு அடியில் ஜாக்கெட் கிடந்தது. ஆந்தையைப் பார்த்தாள்.

"இது அந்தம்மாவுதில்ல?"

"ஆமா. சரி பண்ணக் குடுத்தாங்க."

"அவங்களா கழட்டிக் குடுத்தாங்க?"

"ஆமா."

அவள் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. செருப்பைக்கூட மாட்டாமல் வெளியே போனாள். மருந்துக்கடை அடுத்த தெருவில்தான் இருக்கிறது. பிறகு நீங்கள் வந்தீர்கள்.

ஜாக்கெட் டீச்சருடையதே அல்ல, இது வேறு என்று நான் முதலில் சொன்னது உண்மை. தங்கை அக்காவை எடுத்த புகைப்படத்தைக் காட்டினார், அதில் தோளில் இரண்டு தடம். என் மேஜையில் இருந்ததில் ஒன்று. அந்த ஒரு கோட்டை வைத்தே நான் தப்பித்திருக்கலாம். ஆனால் நீங்கள் குப்பைக் கூடையைக் கொட்டிப் பழைய வார்களை எடுத்துவிட்டீர்கள். எரித்திருக்கலாமே என்று உங்களில் ஒருவர் சிரித்தார். வாரை எரிக்கத் தோன்றவில்லை, வேலையில் மூழ்கியிருந்தேன். ஜாக்கெட்டை எரிப்பது என்பது என் மனதில் எட்டியே பார்க்கவில்லை. அந்த வேலையை எரிக்க யாருக்கு மனம் வரும்?

அது இருக்கட்டும். சாட்சிப் பொருள் அறையில் அதைப் பிளாஸ்டிக் பைக்குள் மடித்து வைத்திருக்கிறார்கள். தோல் மூச்சு விட வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். அகலமான மரத் தாங்கியில் மாட்டச் சொல்லுங்கள்.

நேற்று என் மனைவி வந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள்: "அன்னிக்கு அந்தத் தங்கச்சி கேட்டாங்கல்ல. ஒரே வார்த்தைங்க. 'என் கை தப்பு டீச்சர்'னு சொல்லியிருந்தா போதும். அந்தம்மா அழுதிருப்பாங்க. உங்களைக் காறித் துப்பியிருப்பாங்க. எழுந்து வீட்டுக்குப் போயிருப்பாங்க. இன்னிக்கு உக்காந்து டீ குடிச்சிட்டிருப்பாங்க."

அவள் சொன்னதை ராத்திரி முழுக்க யோசித்தேன். அவள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் திருத்த முடியாத தப்பை அல்லவா ஒருவரிடம் ஒப்புக்கொள்ள வேண்டும்? இது திருத்தக்கூடியதாக இருந்தது, திருத்திவிட்டேன். அந்த நிபுணரையே கூப்பிட்டுத் தோளை நல்ல வெளிச்சத்தில் காட்டுங்கள் ஐயா. ஒரே கோடு, அவர் கடைசியாக விமானம் ஏறிய நாளில் இருந்தபடி. நான் ஒப்புக்கொள்ள இனி அதில் என்ன தப்பு இருக்கிறது?